கழற்றாத காந்தம்

காலை ஏழு மணி பத்து நிமிடம். காரைநகர்த் துறையில் முதலில் கண்ணில் பட்டது ஒரு சாக்கு. மோட்டர் வள்ளத்தின் இடப்பக்கப் பலகையில் ஒரு முழ அகலத்துக்கு விழுந்திருந்த உடைவை அந்தச் சாக்கால் அடைத்திருந்தார்கள். அதிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மேலே கல்லணையில் ஒரு பொலிஸ்காரர் வள்ளத்துச் சாமான்களை வரிசையாக வைத்து எழுதிக்கொண்டிருந்தார்: ஒரு தகரப் பெட்டி, மூன்று குடைகள், ஒரு மூட்டை செத்தல் மிளகாய், கால் கட்டிய இரண்டு கோழிகள். கோழிகள் நாறத் தொடங்கியிருந்தன.

இரண்டு நாளுக்கு முன், சோழகம் எனும் தென்மேற்குக் காற்றில், நெடுந்தீவுக்குப் போன அந்த வள்ளத்தின் எஞ்சின் நடுவழியில் நின்றது. மறுபடி பிடிக்கவில்லை. காற்று வள்ளத்தைக் கடலுக்குள் கிடந்த பாறைப் பாரில் கொண்டுபோய் மோதியது. பத்தொன்பது பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். எஞ்சினை ஓட்டிய வைத்திலிங்கம் பொலிஸ் காவலில் இருந்தார். எஞ்சினின் மக்னீற்றோவைக் கழற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக எங்கள் கராஜிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், சுன்னாகத்தில் மோட்டர் திருத்தும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் கேட்ட கேள்வி. இப்போது வரும் சிறிய மின்மோட்டர்கள் சிலவற்றுக்குள் சுருளுக்குப் பதிலாக நிரந்தரக் காந்தம் வைத்திருக்கிறார்கள். வயர்கள் தொட்டுக்கொண்டு ஒருமுறை பெருமின்சாரம் பாய்ந்தால், வெளியில் ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே காந்தம் செத்துவிடுகிறது. "காந்தமும் சாகுமோ?" என்று அவர் கேட்டார். சாகும். செத்த காந்தங்களுக்குப் பலம் ஏற்றும் வேலைதான் நான் முப்பது வருடம் பார்த்தேன். ஆனால் ஒரு காந்தம் ஏன் செத்தது என்று சரியாகக் கண்டுபிடித்தது முதன்முதலில் அந்த வள்ளத்தில்தான்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு மோட்டர் கராஜில் நான் வேலைக்குச் சேருமுன் இரண்டு வருடம் ஒரு கிழமைப் பத்திரிகையில் நிருபராக இருந்தேன். பத்திரிகை நின்றது. எழுதத் தெரிந்த ஒருவன் கராஜில் வேலை விபரத் துண்டு எழுதத் தேவைப்பட்டான். துண்டு எழுதப் போனவன் மெல்ல மெல்லத் திருப்புளி பிடித்தேன். நாலு வருடத்தில் மக்னீற்றோ மேசை என்னுடையதாயிற்று.

மக்னீற்றோ என்பது பெற்றோல் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் சிறிய இயந்திரம். ஒரு லாடக் காந்தம், அதன் இரு கால்களுக்கும் நடுவில் சுழலும் ஒரு செப்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். அதற்குப் பற்றறி வேண்டாம். காந்தம் பலமாக இருந்தால் கையால் மெதுவாகச் சுற்றினாலும் பொறி வரும். காந்தம் தளர்ந்தால், எஞ்சின் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஒருமுறை நின்றுவிட்டால் கையால் எவ்வளவு சுற்றினாலும் பொறி வராது.

எங்கள் போர்மன் அந்தோனிப்பிள்ளை. குருநகர்க்காரர். கொழும்பில் ரயில்வே வேலை பழகியவர். மெலிந்த உடம்பு, எப்போதும் பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டை. அதில் எண்ணெய் பட்டதை நான் கண்டதில்லை. காந்தம் பற்றி அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. மக்னீற்றோவிலிருந்து காந்தத்தை உருவுமுன் அதன் இரு கால்களையும் தொடுத்து ஒரு மெல்லிரும்புத் துண்டை வைக்க வேண்டும். கீப்பர் என்போம். கீப்பர் இல்லாமல் உருவினால் காந்தம் பலத்தில் பெரும்பங்கை அந்தக் கணமே இழந்துவிடும். நான் கீப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் அவர் கேட்பார்:

"பேப்பர்காரா, கீப்பர் எங்கை?"

"கையிலை கிடக்கு, ஐயா."

"கையிலை கிடந்து என்ன? காலிலை போடு. கீப்பர் இல்லாமல் காந்தத்தைத் தூக்கிறவன் வேட்டி இல்லாமல் சந்தைக்குப் போறவன்."

காந்தத்தை அளப்பதும் அவர் முறைதான். உத்தரத்துக் கொளுக்கியில் காந்தத்தைத் தலைகீழாகத் தொங்கவிடுவார். கீழே கீப்பர், கீப்பரில் ஒரு தராசுத் தட்டு. தட்டில் படிக்கற்களை ஒவ்வொன்றாக வைப்பார். கீப்பர் பிடிவிட்டு விழும் இடத்தில் அந்தக் காந்தத்தின் பலம் தெரியும். பதினொரு றாத்தல் தூக்கினால் நல்ல காந்தம். எட்டுக்குக் குறைந்தது எங்கள் வாசலைத் தாண்டாது. குறைந்ததை இரண்டு பெரிய சுருள்களின் மேல் வைத்து, பற்றறி மின்சாரம் பாய்ச்சி, ஐந்து எண்ணும்வரை மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டுவோம். மூன்று தடவை. பிறகு கீப்பரைப் போட்டுத்தான் தூக்குவோம். துண்டில் நான் எழுதுவது எப்போதும் ஒன்றுதான்: காந்தம் தளர்ச்சி. ஏற்றியது. பதினொன்று. சரி.

ஏன் தளர்ந்தது என்று எழுத அந்தத் துண்டில் இடம் இருக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தோம். ட்ரைவர்மார் வீட்டில் வைத்து மக்னீற்றோவைத் திறப்பார்கள், கீப்பர் இல்லாமல் காந்தத்தை உருவித் துடைப்பார்கள், பிறகு எங்களிடம் வந்து திறக்கவே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். மக்னீற்றோவை மட்டும் கழற்றி ஒரு பனையோலைப் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவது வழக்கம். மேசைக்கு மக்னீற்றோ வரும். மேசையிலிருந்து யாரும் எஞ்சினிடம் போவதில்லை.

வைத்திலிங்கத்தை நாங்கள் லிங்கண்ணை என்போம். காரைநகர். நாற்பத்தைந்து வயதிருக்கும். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வருடம் சித்திரையில் முதல் தடவை பெட்டியோடு வந்தார். ஏற்றிக் கொடுத்தேன். ஆனியில் மறுபடி வந்தார். தொங்கவிட்டுப் பார்த்தேன். ஆறரை றாத்தல்.

"லிங்கண்ணை, கழட்டித் துடைச்சனீங்களோ?"

"என்ரை பிள்ளையாணை நான் திறக்கேல்லை, தம்பி. திறக்கத் தெரிஞ்சால் உங்களிட்டை ஏன் வாறன்?"

பின்னால் நின்ற போர்மன் சொன்னார்: "ட்ரைவர்மார் எல்லாரும் தங்கடை பிள்ளையளை இந்த மேசையிலைதான் வைச்சு ஆணையிட்டிருக்கினம். இனி வைக்க இடமில்லை, லிங்கம்."

எல்லோரும் சிரித்தோம். லிங்கண்ணையும் சிரித்தார். ஏற்றி முடித்ததும் போர்மன் ஒரு சின்னத் தூரிகையால் காந்தத்தைப் பிடிக்கும் நாலு திருகாணித் தலைகளிலும் சிவப்புப் பெயின்ற் பூசினார். திறந்தால் பெயின்ற் உடையும். "அடுத்த முறை பிள்ளையைக் கொண்டு வராதை. இதைக் கொண்டு வா" என்று பெட்டியை நீட்டினார்.

ஒன்பதாம் நாள் வள்ளம் பாரில் ஏறியது.

பொலிஸார் மறுநாளே ஆளிடம் கடிதம் கொடுத்தனுப்பிக் கராஜில் கேட்டார்கள். போர்மன் எனது இரண்டு துண்டுகளையும் பார்த்துவிட்டுப் பதில் எழுதினார்: இதே காந்தம் முன்பு இரு தடவை தளர்ந்து வந்தது, கீப்பர் இன்றிக் கழற்றுவதே இதற்கு வழக்கமான காரணம். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் லிங்கண்ணை மேல் வழக்கு. கவனயீனத்தால் ஐந்து மரணம்.

துறையில் சாமான் வரிசைக்கு அப்பால் ஒரு பெண் நின்றார். நான் வள்ளத்தில் கால் வைக்குமுன் கிட்ட வந்தார்.

"நீங்கள்தானே மக்னீற்றோ பாக்கிற தம்பி? நான் எஞ்சின் ஓட்டினவர்ரை வீட்டுக்காறி. பாக்கியம்."

"ஓம்."

"அவர் அதைத் திறந்து பழுதாக்கிப் போட்டாரெண்டு கதைக்கிறாங்கள். அவர் திறக்கேல்லை. துணியாலை துடைக்கக்கூட என்னை விடமாட்டார். நான் ஒருக்கால் அந்தப் பெட்டியிலை மீன் வைச்சதுக்கு ரெண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை." வள்ளத்தின் பக்கம் திரும்பி, "அதைப் பாத்தால் உங்களுக்குத் தெரியுமோ, திறந்ததோ இல்லையோ எண்டு?"

"தெரியும்."

"அப்ப வடிவாய்ப் பாருங்கோ. அவரை மறியலிலை போட்டால் என்ரை மூண்டு பொம்பிளைப் பிள்ளையளோடை நான் எங்கை போக?"

கடலில் மிதக்கும் ஒரு எஞ்சினை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். எதையும் தொடுமுன் கண்டதை எழுதினேன். அது பத்திரிகைப் பழக்கம். மக்னீற்றோ இருக்கையில் உறுதியாக இருந்தது. நாலு திருகாணித் தலைகளிலும் சிவப்புப் பெயின்ற். நாலும் உடையவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். முழுசாக இருந்தது.

லிங்கண்ணை திறக்கவில்லை.

அப்படியானால் காந்தம் ஏன் தளர்ந்தது? பொறி கொடுக்கும் வயர்கள் தவிர, மக்னீற்றோவிலிருந்து ஒரே ஒரு வயர்தான் வெளியே போகும். அது எஞ்சினை நிறுத்தும் சுவிச்சுக்குப் போகிற வயர். அதைப் பிடித்துக்கொண்டு பின்னே போனேன். பலகையில் இரு கால் கவ்வாணிகள் அடித்து அதைக் கொண்டுபோயிருந்தார்கள். ஒவ்வொரு ஆணிக்குள்ளும் அதோடு சேர்த்து இன்னொரு வயர் இருந்தது; முன் விளக்குக்குப் போகும் பற்றறி வயர். மூன்றாவது ஆணியில் இரண்டின் உறையும் தேய்ந்து செம்பு தெரிந்தது. உப்பால் பச்சை பிடித்திருந்தது. பச்சைக்கு நடுவில் ஒரு மிளகளவு கருகல். வள்ளம் அமைதியாக ஓடும்போது அவை ஒன்றையொன்று தொடா. சோழகத்தில் பலகை நெளியும்போது தொடும். தொட்டால் எஞ்சின் விக்கும். பற்றறியின் மின்சாரம் பின்வழியால் மக்னீற்றோவின் சுருளுக்குள் பாய்ந்து, காந்தத்துக்கு எதிராக வேலை செய்து, அதைக் கொல்லும்.

விளக்கு அந்த வருடம் பங்குனியில்தான் பூட்டப்பட்டது. எனக்கு அது தெரியும். பற்றறியும் விளக்கும் லிங்கண்ணை எங்கள் கராஜில்தான் வாங்கினார். வயரை எப்படிக் கொண்டுபோவது என்று மேசையில் கை ஊன்றி நின்று என்னிடம்தான் கேட்டார். நான் தலை நிமிராமல் சொன்ன பதில் இது:

"ஸ்டொப் சுவிச்சின்ரை வயர் போற வழி இருக்கெல்லே, அண்ணை, அதோடையே சேர்த்துக் கொண்டு போங்கோ. புது ஆணி அடிக்கத் தேவையில்லை."

அவர் நான் சொன்னபடி செய்திருந்தார். ஒரு புது ஆணிகூட அடிக்கவில்லை.

மக்னீற்றோவைக் கழற்றி எடுத்துக்கொண்டு கல்லணைக்கு ஏறினேன். பாக்கியம் முகத்தைப் பார்த்தார். "திறக்கேல்லை" என்றேன். அவர் இரு கைகளையும் நெஞ்சில் வைத்து நிலத்தில் இருந்துவிட்டார்.

பின்னேரம் மேசையில் காந்தத்தைத் தொங்கவிட்டோம். நாலரை றாத்தலில் கீப்பர் விழுந்தது. நான் எழுதிய குறிப்பைப் போர்மன் இரண்டு தடவை வாசித்தார். பிறகு சட்டைக் கையை மடித்தார். அதற்குமுன் அவர் கை மடித்ததை நான் கண்டதில்லை. காந்தத்தை ஏற்றிப் பதினொன்றுக்குக் கொண்டுவந்தார். மக்னீற்றோவைப் பூட்டினார். ஆறு வோல்ற் பற்றறி ஒன்றின் ஒரு வயரை மக்னீற்றோவின் உடம்பிலும் மற்றதைச் சுவிச்சு முனையிலும் தொடுத்து, தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னார். மூன்று சுற்று. சுருள் இளஞ்சூடாயிற்று. கழற்றினோம், கீப்பர் போட்டோம், தொங்கவிட்டோம். ஏழு. மறுபடி பூட்டி மூன்று சுற்று. ஐந்து. படிக்கல்லைத் தட்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"நான் எழுதினது பிழை."

கதிரையில் இருந்து புதுக் கடிதம் எழுதத் தொடங்கினார். பாதியில், பேனாவை எடுக்காமல், கேட்டார்.

"ரெண்டு வயரையும் ஒரே ஆணியிலை கொண்டு போனது ஆர்?"

"லிங்கண்ணை."

"ஆர் சொல்லி?"

"நான்."

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. கையெழுத்திட்டு மை உலரும்வரை பொறுத்து மடித்தபின் சொன்னார்: "நான் கண்டதைத்தான் நான் எழுதலாம். நீ சொன்னதை நீதான் சொல்ல வேணும். கோட்டிலை கேப்பாங்கள்."

ஊர்காவற்றுறை நீதவான் கோட்டில் ஆவணியில் விசாரணை. அந்நாளில் கேள்வி ஆங்கிலத்தில் வரும். மொழிபெயர்க்கும் முதலியார் அதைத் தமிழில் சொல்வார். நாங்கள் தமிழில் பதில் சொல்ல அவர் ஆங்கிலத்தில் திருப்புவார். எனக்கு ஆங்கிலம் விளங்கும். ஆகவே ஒவ்வொரு கேள்வியும் என் காதில் இரண்டு தடவை விழுந்தது. யோசிக்க நேரம் இருந்தது.

போர்மன் முதலில் ஏறினார். தன் முதல் கடிதம் பிழை என்றார். படிக்கற்களின் கணக்கைச் சொன்னார். பிறகு நான். சிவப்புப் பெயின்ற் உடையவில்லை என்றேன். மூன்றாவது ஆணியைச் சொன்னேன். கருகலின் அளவைச் சொன்னேன். நீதவான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இந்த வயர்கள் இப்படி ஒன்றாக வந்திராவிட்டால் காந்தம் பலமாக இருந்திருக்குமா?

"ஓம், இருந்திருக்கும்."

அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். அது ஆங்கிலத்தில் விழுந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. முதலியார் தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் சொன்னார்:

"இவற்றை இப்படிச் சேர்த்துப் பூட்டும்படி எதிரி வைத்திலிங்கத்துக்கு ஆர் சொன்னது என்று உமக்குத் தெரியுமோ?"

எதிரிக் கூட்டில் லிங்கண்ணை நின்றார். தாடி வளர்ந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், மிரட்டலாகவோ கெஞ்சலாகவோ அல்ல, மேசைக்கு முன்னால் நின்று மக்னீற்றோ ஏறும்வரை பார்ப்பாரே, அப்படி. ஐந்து மரணம். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கல்யாணமாகி எட்டு மாதம். அவர் இருந்த கூடு எனக்கு நாலு அடி தூரத்தில் இருந்தது.

"தெரியாது" என்றேன்.

முதலியார் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதையும் கேட்டேன்.

வெளியில் வேப்பமரத்தடியில் பாக்கியம் காத்திருந்தார். பெயின்ற் உடையவில்லை என்று நான் சொன்னது அவருக்கு எட்டியிருந்தது. "உங்களை மறக்கமாட்டன், தம்பி. நீங்கள் உள்ளதைச் சொன்னியள்" என்றார். அவருடைய மூத்த மகள் ஒரு செம்பில் தண்ணீர் தந்தாள். வாங்கிக் குடித்தேன்.

உள்ளே லிங்கண்ணையிடம் வயர்களை யார் பூட்டியது என்று கேட்டார்கள். கதவருகே நின்று கேட்டேன்.

"என்ரை கையாலைதான் பூட்டினனான், ஐயா."

"ஆராவது அப்படிச் செய்யச் சொன்னார்களோ?"

நீதவான் பேனாவை மையில் தோய்த்தார்.

"அவங்கள் படிச்ச ஆக்கள். எனக்கு ஞாபகம் இல்லை, ஐயா."

தீர்ப்பை நான் சொல் சொல்லாக எழுதி வைத்தேன். அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது. மக்னீற்றோவைத் திறந்ததாகச் சொன்ன குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் சாட்சியத்தின்படி அனர்த்தத்துக்குக் காரணம் வயர்களைச் சேர்த்துப் பூட்டியது. அது எதிரியின் கை வேலை. மின்சாரம் அறியாதவர் அறிந்தவரைக் கேளாமல் பயணிகள் ஏறும் வள்ளத்தில் அதைச் செய்தது கவனயீனம். ஒன்பது மாதக் கடூழியச் சிறை. எஞ்சின் ஓட்டும் அனுமதி ரத்து.

பெயின்ற் உடையாதது ஒரு வழக்கிலிருந்து அவரை விடுவித்தது. நான் கண்டுபிடித்த ஆணி அவரை மற்றதில் மாட்டியது. "நான் சொன்னேன்" என்ற இரண்டு சொல் சேர்ந்திருந்தால் தீர்ப்பின் அந்த வரி எழுத இடமிருந்திராது. அறிந்தவனைக் கேட்டுத்தான் அவர் செய்தார்.

காரைநகருக்குத் திரும்பும் வள்ளத்துக்குக் காத்திருந்தபோது போர்மன் துறையடித் தேத்தண்ணிக் கடையில் இருந்தார். என்னைக் கண்டதும் வாங்கில் நகர்ந்து இடம் விட்டார்.

"தேத்தண்ணி குடிக்கிறியோ?"

"வேண்டாம், ஐயா."

"குடி."

குடித்தேன். கோட்டில் நான் சொன்ன பதிலைப் பற்றி அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை துண்டுப் புத்தகம் புதிதாக அச்சடித்து வந்தது. "காரணம்" என்று ஒரு நிரல் கூடியிருந்தது. கடல் எஞ்சின் என்றால் மேசையிலிருந்து ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் அறிவித்தார். பெரும்பாலும் நான்தான் போனேன். ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு வள்ளங்களில் ஸ்டொப் வயரோடு சேர்ந்து வந்த விளக்கு வயர்கள் மூன்றைப் பிரித்து அடித்தேன். அவற்றில் இரண்டு நான் மேசையில் நின்று சொல்லிக் கொடுத்த வழி.

லிங்கண்ணை ஒன்பது மாதம் முடித்து, மறியலிலிருந்து அடுத்த வைகாசியில் வந்தார். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஒருமுறை கண்டேன். அவர்தான் முதலில் கதைத்தார்.

"சுகமே, தம்பி?"

"சுகம், அண்ணை. இப்ப என்ன செய்யிறியள்?"

"கரைவலை இழுக்கிறன். அதுக்கு லைசன் தேவையில்லை." சிரித்தார். பஸ் வந்தது. ஏறிப் போனார். சொல்ல நினைத்து வைத்திருந்ததைச் சொல்ல அந்த நேரம் போதுமாயிருந்தது. நான் சொல்லவில்லை. யுத்தம் நடக்கும்போதே அவர் காய்ச்சலில் இறந்தார். செய்தி எனக்கு எட்டியது எட்டாம் நாள்.

யுத்தம் முடிந்த மறுவருடம் போர்மன் ஓய்வுபெற்றார். அவருடைய இடத்துக்கு என்னைப் போடும்படி முதலாளிக்குக் கடிதம் எழுதியவர் அவர்தான்.